வலி எட்டும் தூரம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் கணக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாலாம் நாளும் ஒருவன் மூட்டையைக் கட்டாமல் உட்கார்ந்திருந்தால் அவனை என்னவென்று அழைப்பது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். மூன்று வருஷம் தங்கிவிட்டவன் விருந்தாளியா? முப்பது வருஷம் இருந்து அந்த மண்ணிலேயே கண்ணை மூடியவன் யார்? ஒரு மனிதன் ஓர் ஊருக்குச் சொந்தக்காரன் ஆவது எதனால்? பிறப்பினாலா, பாஷையினாலா, பத்திரம் எழுதி வாங்கிய நிலத்தினாலா?

நான் ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன். திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பொழுது போக்குவதற்கு ஏற்ற கேள்வியாகத்தான் இது எனக்கும் வெகு காலம் இருந்தது. 2008-ஆம் ஆண்டு முதல் மூன்று வருஷம் எத்தியோப்பியாவில், அடாமா என்ற ஊரில், ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன். அதற்குப் பிறகு இது திண்ணைக் கேள்வியாக இருக்கவில்லை.

வெளிநாட்டில் உத்தியோகம் என்றதும் உறவினர் முகமெல்லாம் மலர்ந்தன. எந்த நாடு என்று சொன்னதும் அதே முகங்கள் வாடிப்போயின. "ஏம்ப்பா, அங்கே பஞ்சமாமே?" என்றாள் என் பெரியம்மா. 1984-ஆம் வருஷத்துப் பஞ்சத்தின் புகைப்படங்களை எந்தப் பத்திரிகையிலோ பார்த்திருக்கிறாள். கால் நூற்றாண்டு ஆகியும் அந்தப் படம் அவள் மனத்தில் மங்கவில்லை. இந்தியா என்றால் பாம்பாட்டி என்று நினைக்கும் வெள்ளைக்காரனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். நம் வீட்டிலும் அந்த மாதிரிப் படங்கள் சில மாட்டியிருக்கின்றன. இன்னொரு சிநேகிதர், "ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குப் போகிறவனைப் பார்த்திருக்கிறேன். ஏழை நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்குப் போகிறவன் நீதான்" என்றார். உண்மையில் நான் முதல் ஆள் இல்லை. ஹைலி செலாஸி சக்கரவர்த்தி ஆண்ட காலத்திலேயே நம் நாட்டு ஆசிரியர்கள் ஏராளமாக அங்கே போயிருக்கிறார்கள். தலை நரைத்த எத்தியோப்பியர்கள் சிலர் என்னிடம் தங்கள் இந்திய வாத்தியாரைப் பற்றி, நாம் நம் வாத்தியாரைப் பற்றிப் பேசுவது போலவே, பயமும் பிரியமுமாகப் பேசினார்கள்.

போன முதல் வாரத்தில் தெருப் பிள்ளைகள் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். 'ஃபெரெஞ்சி!' என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். அந்நியன் என்று பொருள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் ஐரோப்பியனுக்கு வைத்த 'பரங்கி' என்ற சொல்லும் இதுவும் உடன்பிறந்தவை. கோட்டையிலும் கொத்தளத்திலும் இருந்தவர்களை நம் பாட்டனார்கள் எந்தப் பெயரால் அழைத்தார்களோ, அந்தப் பெயர் கடல் கடந்து வந்து என் கறுத்த மேனியின்மேல் உட்கார்ந்துகொண்டது. நிறத்தால் நான் பரங்கி இல்லை. பின் எதனால் பரங்கி? இதை யோசிக்க எனக்கு மூன்று வருஷ அவகாசம் கிடைத்தது.

ஒற்றுமைகளுக்குக் குறைவில்லை. அங்கே பொழுது விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் மணி ஒன்று. நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதைப் போலத்தான். அவர்கள் சாப்பிடும் இஞ்சிரா, மாவைப் புளிக்க வைத்து அகலமாக ஊற்றி எடுக்கும் பதார்த்தம். புளித்த தோசை சாப்பிட்ட நாக்குக்கு அது விரோதியாகாது. தெருவில் ஓடும் ஆட்டோ ரிக்ஷாக்களுக்கு அங்கே 'பஜாஜ்' என்றே பெயர். நம் நாட்டுக் கம்பெனியின் பெயர் அங்கே ஒரு வாகனத்தின் பெயராகவே ஆகிவிட்டது. விருந்தாளியின் வாயில் தம் கையாலேயே ஒரு கவளம் ஊட்டிவிடுவார்கள். அதற்குக் 'குர்ஷா' என்று பெயர். நிலாச் சோறு பிசைந்து உருட்டிக் கொடுத்த பாட்டியின் ஞாபகம் எனக்கு வந்தது. இவ்வளவும் இருந்தும் நான் பரங்கிதான். ஒற்றுமை வேறு, உறவு வேறு என்பதைத் தெருப் பிள்ளைகள் எனக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள்.

நான் குடியிருந்த வளவில் இன்னும் இரண்டு குடும்பங்கள் இருந்தன. குழாயில் சில நாள் தண்ணீர் வரும், சில நாள் வராது. வராத நாளில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நடப்பார்கள். நம் ஊரில் வண்ண வண்ணக் குடங்கள் வரிசை வைக்கும் காட்சிதான், பாத்திரம்தான் வேறு. குடிப்பதற்கு நான் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கினேன். கல்லூரிச் சம்பளம் அதற்கு இடம் கொடுத்தது. பக்கத்துப் போர்ஷன் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது, எனக்கு வரவில்லை. விலைவாசி ஏறியது, அவர்கள் வீட்டில் இறைச்சி நின்றது, என் வீட்டில் ஒன்றும் நிற்கவில்லை. அரசாங்கத்தைப் பற்றி அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள். நான் தாழ்த்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் விமானம் ஏறிவிடலாம். பெட்டியின் அடியில் பாஸ்போர்ட் இருந்தது.

அப்போதுதான் தெரிந்தது, அந்நியன் என்பவன் யார் என்று. அந்த ஊரின் வலி எவனுடைய உடம்பில் படுவதில்லையோ அவனே அந்நியன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்கிறார்களே, அந்தப் பழமொழிக்குள் ஓர் ஊர்க் குடியுரிமைச் சட்டமே அடங்கியிருக்கிறது.

ஆனால் அந்த மக்களிடம் ஒரு வார்த்தை உண்டு. வழியில் யாராவது தடுக்கி விழப் பார்த்தால், இருமினால், சுமையோடு தள்ளாடினால், முன்பின் தெரியாதவர்கள்கூட 'ஐஸோ' என்பார்கள். 'தைரியமாக இரு, நான் இருக்கிறேன்' என்று சொல்லலாம். நம் 'ஐயோ' விழுந்தவனின் வாயிலிருந்து வருகிறது. அவர்களுடைய 'ஐஸோ' பார்த்தவனின் வாயிலிருந்து வருகிறது. கல் தடுக்கி நான் தடுமாறிய ஒரு நாள் தெருவில் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் 'ஐஸோ' என்றார்கள். பரங்கியின் வலி அவர்களுக்கு எட்டியது. அவர்களுடைய வலி பரங்கிக்கு எட்டுவதற்கு என்ன வழி? இதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் வெகு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. என் சொந்த ஜில்லாவையே நினைத்துக்கொண்டேன். வேலூருக்கு அந்நியர்கள் புதிதல்லர். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கர் 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, அடுத்த ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். 1832 ஜனவரியில் உயிர் பிரியும்வரை அங்கேதான் இருந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கிறது. 1990-இல் அங்கே முத்து மண்டபம் கட்டினார்கள். திரும்பிப் போக முடியாத அந்நியர் அவர். இப்படிப்பட்டவனுக்கு வலியை எட்டவைக்க யாரும் பாடுபட வேண்டியதில்லை. விதியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

திரும்பிப் போகக்கூடியவர்களின் விஷயம்தான் கடினமானது. அமெரிக்கப் பாதிரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த பெண். தாயார் நோய்வாய்ப்பட்டதால் திண்டிவனத்துக்கு வந்தார். இங்கேயே தங்கும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இருக்கவில்லை. ஓரிரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவிமாருக்கு உதவ வரும்படி அவரை அழைத்தார்கள். அவர் வைத்தியம் படித்தவரல்லர். அவருடைய தகப்பனார்தான் டாக்டர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இது பலரும் அறிந்த கதை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. அன்று திண்டிவனத்தில் அந்தச் சாவுகளைக் கேள்விப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். பிரசவத்தில் பெண் சாவது அந்தக் காலத்தில் யாருக்கும் செய்தியல்ல. 'அவள் விதி' என்று சொல்லிவிட்டு ஊர் அடுப்பு மூட்டப் போயிருக்கும். ஊர்க்காரர்களுக்கே மரத்துப்போயிருந்த ஒரு வலி, கப்பல் ஏறக் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு எட்டிவிட்டது.

ஐடா அமெரிக்கா போய் வைத்தியம் படித்து 1900-இல் திரும்பி வந்தார். 1902-இல் வேலூரில் மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் காத்திருந்த நோயாளிகளை அவர் வாரந்தோறும் போய்ப் பார்த்ததை எங்கள் பக்கத்து முதியவர்கள் கதையாகச் சொல்வார்கள். ஆனால் அவர் காஷாயம் கட்டிய துறவியல்லர். டென்னிஸ் ஆடுவதில் அவருக்கு ஆசை; கோடைக்கானலில் வீடு வைத்திருந்தார்; 1960-இல் அங்கேதான் காலமானார். ஏழைகளுக்குப் பணி செய்ய ஏழை வேஷம் போடவேண்டும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. அவர் செய்த பெரிய காரியம் வேறு. 1918-இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். தான் ஒருத்தி ஓடி ஓடிப் பார்த்தால் எத்தனை பிரசவம் பார்க்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த ஊர்ப் பெண்களே இந்த வேலையைச் செய்யவேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். பிற்பாடு ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி அந்த ஸ்தாபனத்தின் தலைமைக்கு வந்தார். ஓர் அந்நியன் ஓர் ஊருக்குச் செய்யக்கூடிய நன்மைகளில் தலையாயது, நாளடைவில் தான் தேவையில்லாமல் போகும்படி செய்துகொள்வதே என்று எண்ணுகிறேன்.

அந்த மருத்துவமனைக்கு 1946-இல் இன்னொருவர் வந்தார். பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய டாக்டர். அவரும் நம் நாட்டில், கொல்லிமலையில், பிறந்தவர்தான். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று அவர் ஆராய்ந்தார். நோய் விரலைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்தார்கள். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்து ரத்தம் வடிகிறது. பையனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை! பிராண்ட் தம் புத்தகங்களில் இதைச் சொல்லியிருக்கிறார். விரலைத் தின்றது நோய் அல்ல, வலியின்மை. சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும் கை விலகுவதில்லை. ஆணி குத்தினாலும் கால் நொண்டுவதில்லை. அதனால் புண் புண்ணாகி உறுப்பு சிதைகிறது. வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி ஆராய்ச்சி நிலையத்திலும், உணர்ச்சியற்ற கால்களுக்கென்றே மெத்தென்ற ரப்பரில் செருப்புகள் செய்தார்கள். உலகத்துக்கெல்லாம் செருப்புக்குத் தோல் அனுப்புகிற ஜில்லாவில், வலி தெரியாத காலுக்குச் செருப்பும் பிறந்தது.

வலியை நாம் சாபம் என்று நினைக்கிறோம். அது உடம்பின் காவல்காரன் என்றார் அந்த டாக்டர். அது ஊருக்கும் பொருந்தும். வலி போய்ச் சேராத உறுப்புத்தான் உடம்பில் முதலில் அழிகிறது. வலி போய்ச் சேராத மனிதர்கள் கையில் சிக்கிய ஊரும் அப்படித்தான் அழிகிறது.

இதற்கு உதாரணம் தேடினால் பாலாறு கண்முன் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் தோல் தொழில் பழையது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் வைத்துப் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. 1970-களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. முழுமையாக்கிய தோலும் செருப்புமாக அனுப்பினால் நாட்டுக்கு அதிக லாபம் அல்லவா? குரோமியம் உப்புப் போட்டுப் பதனிடும் முறை பெருகியது. வேலை பெருகியது, இன்றும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணின் சம்பளத்தால்தான். இதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமல்ல. ஆனால் ஒரு கிலோ தோலைப் பதனிட முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் தேவை. உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்த அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கிணற்றுக்குப் போயிற்று, வயலுக்குப் போயிற்று, பாலாற்று மணலுக்குள் போயிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் உள்ள பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய வழக்கு அது. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. இருந்தும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றைப் பற்றி அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது.

அந்தத் தண்ணீரை ஆற்றில் விட்டவர்கள் பரங்கிகளா? எங்கள் ஊரிலேயே பிறந்து, எங்கள் பாஷையே பேசி, எங்கள் திருவிழாக்களுக்கும் பெருநாட்களுக்கும் நன்கொடை கொடுத்தவர்கள். ஆனால் கிணறு கெட்டதும் அவர்கள் வீட்டுக்கு லாரியில் தண்ணீர் வந்தது; பிற்பாடு கேனில் வந்தது. பிள்ளைகளோடு சென்னைக்கே குடிபோனவர்களும் உண்டு. ஊரின் வலி அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அடாமாவில் நான் எந்த அர்த்தத்தில் பரங்கியோ, அதே அர்த்தத்தில் சொந்த ஊரில் அவர்களும் பரங்கிகள். லாபம் உள்ளே வரும், வலி வராது. கடல் கடந்துதான் அந்நியன் ஆகவேண்டும் என்பதில்லை. ஒரு கேன் தண்ணீர் போதும்.

இதற்கு நேர்மாறானவர்களும் இருக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்பட பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வங்காளத்திலிருந்து வேலூருக்கு எத்தனையோ பேர் வைத்தியத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்காக ஆஸ்பத்திரித் தெருக்களில் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகைகூட மாட்டியிருக்கிறோம். தோல் ஆலையில் படுத்துத் தூங்கியவர்களை ஊர் அறிந்ததோ அவர்கள் இறந்த பிறகுதான். அவர்களுக்கு இந்த ஊரில் வீடில்லை, வோட்டில்லை, பாஷையில்லை. ஆனால் ஊரின் முழு வலியும் அவர்கள்மேல் இறங்கிற்று. வலிதான் குடியுரிமை என்றால் அந்தப் பத்துப் பேரைவிடப் பாலாற்றங்கரைக்காரர் யார்?

எத்தியோப்பியாவுக்கே திரும்பி வருகிறேன். அடாமாவுக்கும் தலைநகரத்துக்கும் நடுவே மோஜோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தோல் ஆலைகள் உண்டு. முதன்முதல் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது கண்ணை மூடிக்கொண்டிருந்த நான், ஆம்பூர் வந்துவிட்டது என்று நினைத்து விழித்துக்கொண்டேன். அதே வாடை! அங்குள்ள ஓர் ஆலையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் டெக்னீஷியனாக இருந்தார். அந்தத் தொழிலில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வெளிநாடுகளில் நல்ல மதிப்பு. அவரை நான் பாய் என்பேன். அவர் என்னை வாத்தியாரே என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியாணி அவர் பொறுப்பு, பேச்சு என் பொறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்: "பாய், உங்க ஆலைத் தண்ணி எங்கே போகுது?"

"ஆத்துக்கு."

"ஆறு?"

"கோக்கா அணைக்கு."

"அணையிலிருந்து?"

அவர் சிரித்தார். "அவாஷ் ஆத்துல இறங்கி உங்க அடாமா குழாய்க்குத்தான் வருது, வாத்தியாரே. நீங்கதான் பாட்டில் தண்ணி குடிக்கிறீங்களே!"

இருவருமே அதற்குப் பிறகு சிறிது நேரம் பேசவில்லை. நான் பாட்டில் தண்ணீர் குடித்தேன், வாஸ்தவம். பக்கத்துப் போர்ஷன் குழந்தை குடிக்கவில்லை. அந்த ஆலையில் சுத்திகரிப்பு இயந்திரம் இருந்தது. மின்சாரச் செலவை உத்தேசித்து அதைப் பாதி நாள் ஓட்டுவதில்லை. பாலாற்றில் நடந்தது அங்கே முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி நடந்துகொண்டிருந்தது.

"நீங்க சொல்லக்கூடாதா, பாய்? நம்ம ஊர்ல என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குச் சம்பளம் தோலுக்கு, வாத்தியாரே. ஆத்துக்கு இல்லை. வெளியூரான் வாயைத் திறந்தா அடுத்த மாசம் விசா இருக்காது."

அவர் சொன்னதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. மூன்று தங்கைகளை அவர்தான் கட்டிக்கொடுத்தார். அறம் பேசுவது வாத்தியாருக்கு எளிது. அவனுக்கு ஆலை முதலாளி கிடையாது.

ஆனால் அந்த மனிதரிடம் ஒன்றைக் கவனித்தேன். சுண்ணாம்புக் குழிப் பக்கம் பையன்கள் வெறுங்காலோடு நின்றால் அவருக்குக் கண் சிவந்துவிடும். பூட்ஸும் கையுறையும் போடாதவனை வேலையில் விடமாட்டார். அது அவருடைய உத்தியோகத்தில் சேர்ந்ததல்ல. ஒரு முறை காரணம் கேட்டேன். அவருடைய அத்தா ஆம்பூர்த் தோல் ஆலையில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவராம். ராத்திரியில் விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிய, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாராம். "அந்தக் கையைப் பார்த்தவன் நான். இந்தப் பசங்க கால் எனக்கு வலிக்குது" என்றார்.

அவருடைய வலி அப்பாவின் கையிலிருந்து புறப்பட்டு, கடலைத் தாண்டி, ஓர் எத்தியோப்பியப் பையனின் காலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏழை நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்குப் போகிறவனிடம் இருக்கும் பெரிய சொத்து இதுதான். பணக்கார நாட்டுக்காரன் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது நமக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கிறது. தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஞாபகம், கெட்டுப்போன கிணற்றின் ஞாபகம், அத்தாவின் கை ஞாபகம் எல்லாம் மரத்துப்போகாத நரம்புகள். அவற்றை விமானம் ஏறும்போது விட்டுவிட்டுப் போகிறவன் வெறும் தொழில் தெரிந்த ஆள். கூடவே கொண்டுபோகிறவன் மனிதன்.

பாயிடம் அந்த நரம்பு காலளவில் நின்றது, ஆற்றுக்குப் போகவில்லை என்று சிலர் குறை சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். நரம்பு எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவு தூரத்துக்குத்தான் ஒருவன் மனிதனாக இருக்க முடியும். மூன்றாவது வருஷம், நான் ஊர் திரும்பும் தறுவாயில், அவர் தாமாகவே சொன்னார். பயிற்சிக்கு வந்த உள்ளூர் எஞ்சினீயர்ப் பையன்கள் இருவரை உட்காரவைத்து, பாலாற்றின் கதையை முழுக்கச் சொல்லிவிட்டாராம். "நான் முதலாளிகிட்ட சொன்னா விசா போகும். அவங்க சொன்னா அவங்க ஊரு, அவங்க ஆறு. யாரும் துரத்த முடியாது" என்றார். ஐடா ஸ்கடர் பள்ளிக்கூடம் தொடங்கியதும் பாய் இரண்டு பையன்களோடு பேசியதும் அளவில் மலையும் மடுவும். ஜாதியில் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்நியன் அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. வைத்தியப் பெட்டியோடும் புத்திமதியோடும் வந்து இறங்கும் பரோபகாரிகளை ஏழை நாடுகள் நிறையப் பார்த்துவிட்டன. ஆகவே வலி எட்டுவதையும் இரக்கப்படுவதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. இரக்கம் மாடியில் நின்று கீழே பார்க்கிறது. அதற்குத் தன் மாடி பத்திரமாக இருக்கவேண்டும். அந்த ஊர்க்காரனைப் போலவே வாழ்வதாகப் பாவனை செய்வதும் பயனற்றது. நான் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடித்திருந்தால் எனக்கும் வயிற்றுப்போக்கு வந்திருக்கும், குழந்தைக்குக் குணமாகியிருக்காது.

செய்யக்கூடியது இவ்வளவுதான்: தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை கற்றால் தூரம் கொஞ்சம் குறைகிறது. அவர்கள் சந்தையில் வாங்கி, அவர்கள் பஜாஜில் ஏறி, அவர்கள் ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் குறைகிறது. தான் செய்த காரியத்தின் பலன் தெரியும்வரை அங்கே இருந்தால் பெரும் பகுதி குறைந்துவிடுகிறது. ஆலையைக் கட்டிக் கொடுத்துவிட்டு மறு மாதமே விமானம் ஏறுகிறவனுக்கு ஆறு எப்படிக் கெட்டது என்று தெரியவே தெரியாது. கடைசியில், போகும் நாள் வரும்போது, தன் இடத்தில் உட்கார அந்த ஊர்க்காரன் ஒருவனைத் தயார் செய்துவிட்டுப் போகலாம். பால் பிராண்ட்கூட 1966-இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அதனால் வேலூரில் அறுவைச் சிகிச்சை நின்றுவிடவில்லை. போவது பாவமல்ல. போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு வெளியூரில் ஒரு பிள்ளை இருக்கும். துபாயில், நைரோபியில், டாக்காவில், அல்லது நம் நாட்டிலேயே பாஷை தெரியாத ஏதோ ஒரு தொழில் நகரத்தில். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்பது, "சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?" என்பதுதான். தாய் தகப்பனுக்கு அந்தக் கவலை இயற்கை, கேட்கத்தான் வேண்டும். அதோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக் கேட்கலாம்: "அந்தத் தண்ணீர் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?" பிள்ளை உடனே பதில் சொல்லிவிட்டால் நாம் கவலைப்பட வேண்டியதில்லை, அவன் அந்த ஊரில் குடியிருக்கத் தொடங்கிவிட்டான். தெரியாது என்று சொன்னாலும் பாதகமில்லை. அடுத்த வாரத்துக்குள் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வான் அல்லவா?